கரண்டியும் பிரேக் கம்பியும்

கொடுவா மீன் இரை எடுக்கும்போது ஒரு சத்தம் கேட்கும். வாய் குறுகிய செம்பைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் வருமே, அதுபோல ஒரு "பொக்கு". எங்கள் வளவு முடிந்து கண்ணா என்ற அலையாத்திப் பற்றைகளின் வேர்கள் வாவிக்குள் இறங்கும் இடத்தில், மாரி காலத்துக் கலங்கல் தண்ணீரிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சத்தம் வரும். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டில் கேட்ட ஒரே பாட்டு இதுதான், இதைக் கேட்டால் எங்களுக்கு ரசனை வராது, பசிதான் வரும்.

எங்கள் ஊர் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே இருந்தது. பட்டணமும் கடைத்தெருவும் எழுவான்கரையில், அக்கரையில். நடுவில் "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும். அது அக்கரையில் போய் நிற்கும் இடத்தில் "சென்றி", அதாவது ராணுவச் சோதனைச் சாவடி; சண்டைக் காலம் அது. அப்பா வாவியில் வலை போடுகிறவர். எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த அந்த வருடம், மாரி தொடங்கும்போது, இனி யாரும் வாவியில் தோணி இறக்கவும் கூடாது, வலை போடவும் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். காலையிலும் அங்கேதான், மாலையிலும் அங்கேதான். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆறவிட்டுக் குடிப்பார், பேசமாட்டார்.

அக்கரையில், கல்லடியில் இருந்த பெரியப்பா, அப்பாவின் மூத்த அண்ணர், ஆள் மூலம் செய்தி அனுப்பினார். பின்பக்க அறையை ஒழித்து வைத்திருக்கிறாராம். தைப்பொங்கல் கழிந்ததும் தானே வந்து கூட்டிப்போவாராம். அதற்குள் சாமான்களைக் கட்டி வைக்க வேண்டுமாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் எங்கள் தெருவில் அப்படி "கொஞ்ச நாளைக்கு" என்று போன குடும்பங்களின் வீடுகள் எல்லாம் எங்கள் கண்முன்னே இருந்தன. முதலில் கதவு போனது, பிறகு ஓடு போனது, கடைசியில் கிணற்றுக் கப்பிகூட மிஞ்சவில்லை. திரும்பி வந்து பார்க்க வீடு இருக்காது என்பது சின்னப்பிள்ளையான எனக்கே தெரிந்த விஷயம். அப்பா போவதற்குத் தயாராகிவிட்டார். அம்மா முடியாது என்றார்.

"தோணியையும் வலையையும்தானே வேணாமெண்டவனுகள்," என்றார் அம்மா. "தூண்டிலுக்கு ஒண்டும் சொல்லல்லையே."

அம்மா கதிரவெளிக்காரி. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர், தூண்டில் கயிற்றோடு விளையாடியவர். எங்கள் ஊரிலோ தூண்டில் என்றால் பள்ளிக்குக் கள்ளம் அடிக்கும் பையன்களின் வேலை. வலைகாரன் வீட்டுப் பெண் தூண்டிலோடு கரையில் நிற்பதை யாரும் கண்டதில்லை. இரண்டாம் நாளே அம்மாவுக்குத் "தூண்டில்காரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயருக்கு அம்மா திரும்பிப் பார்த்து "ஓம்" என்று பதில் சொல்லத் தொடங்கியதும் கூப்பிட்டவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

கொடுவாதான் வேண்டும் என்பதில் அம்மா தெளிவாக இருந்தார். சில்லறை மீன் பிடித்தால் அன்றைய கறியோடு முடிந்துவிடும். ஒரு நல்ல கொடுவா என்றால் மீன் யாவாரி வீடு தேடி வந்து எடுத்துக்கொண்டு அரிசி, மா, மண்ணெண்ணெய்க்கு வழி பண்ணிவிடுவார். ஆனால் அது தலைக்கனம் பிடித்த மீன். எதைக் கட்டி எப்படிப் போடுவது என்று அம்மா ஒரு கிழமை, ஏழு நாளும், யோசித்தார். வீட்டில் மூன்று விதமான நூல் இருந்தது. அப்பாவின் வலையிலிருந்து பிரித்த முறுக்கு நூல், தண்ணீர் பட்டதும் ஊறிப் பருத்து, மீன் கண்ணுக்குக் கயிறாகவே தெரியும். மெல்லிய "தங்கூசி", அதாவது நைலோன் நூல், கண்ணாடி மாதிரி, தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, ஆனால் கொடுவா ஒரு தரம் தலையை உதறினால் அறுந்துபோகும். கதிரவெளியிலிருந்து கொண்டுவந்த கடல் தங்கூசி தடித்தது, அறாது. ஆனால் தகரப் பேணியில் சுற்றிச் சுற்றிச் சுருள் பழகி, வீசினால் கரையிலேயே சுருண்டு விழும். அம்மா அந்தத் தடித்ததைத்தான் எடுத்தார். அதை இரண்டு தென்னைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, ஈரத்துணியால் உருவி உருவிச் சுருளை எடுத்தார். பிறகு முழு நீளத்தையும் உதட்டுக்கு நடுவே விட்டு மெல்ல இழுத்தார். விரலுக்குப் பிடிபடாத கீறல் உதட்டுக்குப் பிடிபடுமாம். கீறல் இருந்த இடத்தை எல்லாம் வெட்டி எறிந்தார். தூண்டில் முள்ளைப் பெருவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். வழுக்கிய முள் அரத்துக்குப் போனது.

இரைதான் தலையிடி. உயிர் இறால் கட்டலாம், ஆனால் எங்கள் நிலைமையில் இறால் கிடைத்தால் கொடுவாவுக்கா கொடுப்போம்? "பொய்மீன்" கட்டுவோம் என்றார் அம்மா. பற்பசைக் குழாயை வெட்டி மடித்துக் கட்டினோம், இரண்டு வீச்சில் நசுங்கியது. டின்பால் பேணியின் மூடி சுழன்று சுழன்று நூலையே முறுக்கிவிட்டது. வெள்ளைச் சேவலின் இறகு நன்றாகத்தான் நீந்தியது, ஆனால் பாரமில்லாததால் எங்கள் காலடியில் விழுந்து நீந்தியது. சேவல்தான் பாவம், வால் இல்லாமல் ஊரைச் சுற்றியது.

ஒரு நாள் நான் கரையில் கோப்பை கழுவும்போது கரண்டி ஒன்று கை தவறி ஆழத்துக்குள் போனது. அது நேரே அமிழவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து, மினுங்கி, காயம்பட்ட மீன் குஞ்சு மாதிரி இறங்கியது. அம்மா ஏசவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். வீட்டுக்குள் போய்ப் பெட்டகத்தைத் திறந்தார். கல்யாணத்துக்கு வந்த ஆறு சில்வர் கரண்டிகள், விருந்தாளிகளுக்கென்று துணியில் சுற்றி வைத்தவை, அதில் ஒன்றை எடுத்துவந்து காம்பை இரும்பறுக்கும் வாளால் அரிந்தார்.

அப்பா தோணியை விட்டு எழுந்து வந்தார். "என்னகா இது, விருந்தாளி வந்தா என்ன செய்யிற?"

"சென்றியத் தாண்டி எந்த விருந்தாளி வாறான்?" என்று அம்மா அரிவதை நிறுத்தாமலே சொன்னார்.

ஆணியால் துளை போட்டு, முள்ளைத் தொங்கவிட்டு, முள்ளின் கழுத்தில் என் சிவப்பு ரிப்பனில் கொஞ்சம் கட்டி, அன்று மாலையே வீசினோம். தடி கிடையாது, நூலைப் பால்மாப் பேணியில் சுற்றி, கரண்டியைத் தலைக்கு மேலே சுழற்றி விடுவதுதான். நாலாவது வீச்சில் "பொக்கு" என்றது. நூல் அம்மாவின் கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. கொடுவா முழு உடம்போடு தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது, அவ்வளவுதான், நூல் தொய்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தால் கத்தியால் வெட்டியதுபோல் நுனி. அதன் செவுள் மூடியின் ஓரம் கூர் என்பது அம்மாவுக்குத் தெரியும். இவ்வளவு கூர் என்று நினைக்கவில்லை. முள்ளுக்கு மேலே ஒரு முழம் கம்பி இல்லாமல் கொடுவா பிடிக்க முடியாது என்றார்.

கம்பி என்ற சொல்லை அந்நாளில் சத்தமாகச் சொல்லவே பயப்படுவார்கள். குண்டு செய்வார்கள் என்று கம்பி, பற்றரி எதையும் எங்கள் பக்கம் வர விடமாட்டார்கள். எதற்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்பார்கள், மீனுக்கு என்றால் யார் நம்புவார்கள்? அம்மா நம்பவைக்க முயலவில்லை. என்னையும் அப்பாவின் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு பாதையேறி, காத்தான்குடியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய், முன்னுக்கும் பின்னுக்கும் புது பிரேக் கம்பி போட்டுத் தரச் சொன்னார். சைக்கிளுக்கு பிரேக் இருப்பது குற்றமில்லையே. எல்லோரையும் போல நானும் இறங்கி, அதை உருட்டிக்கொண்டு சென்றியைக் கடந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் உருவி, முறுக்கைப் பிரித்து இழை இழையாக எடுத்துவிட்டோம். அந்தக் கிழமையே முதல் கொடுவா கரையேறியது, அடுத்த கிழமை இன்னும் இரண்டு.

மீன் யாவாரி எங்கள் வாசலில் நிற்பதைக் கண்டதும் ஊர் விடுமா? "தூண்டில்காரி" என்று சிரித்த வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் கரைக்கு வந்தார்கள். அத்தனை வீட்டுச் சைக்கிள்களும் அக்கரைக்குப் போய் பிரேக்கோடு வந்தன. மார்கழி முடிவதற்குள் எங்கள் ஊரில் பிரேக் பிடிக்கும் சைக்கிளே இல்லை என்றாகிவிட்டது. செருப்புக் காலை முன் சில்லில் அழுத்தித்தான் நிறுத்துவோம். பிள்ளையார் கோயில் வளைவில் எல்லோரும் மணி அடித்துக்கொண்டே வருவார்கள். அப்படியும் ஒருவர் மாட்டுத் தொழுவத்துக்குள் போய்த்தான் நின்றார். கடைக்காரக் காக்கா, முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு நாள் அம்மாவிடம், "உங்கட ஊரில கம்பியத் திண்டுறீங்களா, தங்கச்சி?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலை எதிர்பாராமல் நல்ல கம்பியாகப் பார்த்து எடுத்துப் போட்டார். அவருக்குத் தெரியும்.

பொங்கலுக்கு முதல் கிழமை மறுபடியும் போனோம். பழைய கம்பி உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து மடிந்திருந்தது. காக்காவின் கடையில் துளை போடவென்று இன்னொரு கரண்டியையும் அம்மா பையில் வைத்திருந்தார். காலையில் போகும்போது நான் செருப்பால் சைக்கிளை நிறுத்தியதைச் சென்றியில் நின்ற சிப்பாய் பார்த்திருக்கிறார். மாலையில் இரண்டு புதுக் கம்பி மினுங்க வந்ததையும் அவரே பார்த்தார். கையைக் காட்டி நிறுத்தினார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் வந்த இன்னும் இரண்டு சைக்கிள்களைப் பார்த்தார். "காலை பிரேக் இல்ல. இப்ப இருக்கு," என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். உள்ளே கூட்டிப்போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த இடமல்ல அது.

அம்மா பையைத் திறந்து அரிந்த கரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தார். "கொடுவா பிடிக்கிற," என்றார். வாவியைக் காட்டி, கையால் மீன் துள்ளுவதுபோல் செய்து காட்டினார். அவர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்ததாகத்தான் எனக்கு ஞாபகம். பிறகு குறடு எடுத்து மூன்று சைக்கிள்களின் கம்பிகளையும் வெட்டி உருவினார். கரண்டியையும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போ என்று தலையசைத்தார்.

"எடுங்க தம்பி," என்றார் அம்மா. "வீட்டில இன்னும் நாலு கிடக்கு."

அவருக்கு அது விளங்கியதோ இல்லையோ, எனக்கு விளங்கியது. பாதையில் நிற்கும்போது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் சோற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்ற ஆத்திரம்.

அடுத்த நாள் அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார். பாதிப் பின்னலில் கை நின்றுவிட்டது. "மகள், அந்தத் தடிச்சத் தங்கூசிய எடுத்துட்டு வா," என்றார். மூன்று துண்டு வெட்டி, ஒரு நுனியை என் கால் பெருவிரலில் கட்டி, என் கூந்தலைப் பின்னுவதுபோலவே இறுக்கி இறுக்கிப் பின்னினார். செவுள் ஒரு இழையை அறுத்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். அப்பா பார்த்துவிட்டு, "பூவும் வைச்சு விடு, கொடுவாவுக்குக் கல்யாணம் பேசலாம்," என்றார். மூன்று மாதத்தில் அவர் செய்த முதல் பகிடி அதுதான், அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் மாலையில் அந்தக் கொடுவா வந்தது. என் இடுப்புயரம் இருக்கும். தலையை உதறியது, எழும்பி விழுந்து உதறியது, வேர்களுக்குள் ஓடப் பார்த்தது. பின்னல் நின்றது. அம்மாவுக்குப் பின்னால் நான் நூலைப் பிடித்து இழுக்க, தோணியோடு ஒட்டிக்கிடந்த அப்பா கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கைவலையால் அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கரையில் போட்டுப் பார்த்தபோது பின்னலில் இரண்டு இழை அறுந்திருந்தது. ஒன்றுதான் மிச்சம்.

அடுத்த நாள் பெரியப்பா வந்தார், சாமான் கட்டக் கயிறும் சாக்குகளும் சைக்கிளில் வைத்துக்கொண்டு. அம்மா அவரை உட்காரவைத்து, கொடுவாத் தலையைப் புளி விட்டுக் காய்ச்சி, சோறு போட்டார். பெரியப்பா கண்ணைக்கூட விடாமல் சுவைத்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, எப்போது வெளிக்கிடுகிறோம் என்று கேட்டார்.

"நீங்க வெளிக்கிடுங்க அத்தான், இருட்டப் போகுது," என்றார் அம்மா. "நாங்க வரல்ல."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா முள்ளைக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அரை மீனை வாழையிலையில் சுற்றிக் கொடுத்து வழியனுப்பினோம். கயிற்றை மறந்துவிட்டுப் போனார். அம்மா அதை வேலிக்கும் பலாவுக்கும் இழுத்துக் கட்டி உடுப்புக் காயப்போட்டார்.

இன்றைக்குப் பட்டணத்தில் பொய்மீன்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள், கண்ணும் செதிளும் வரைந்து. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சுழலும் தடிகளோடு வாவிக் கரையில் நின்று கொடுவா பிடித்து, படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். விடட்டும். பாதை இல்லை, பாலம் வந்துவிட்டது. சென்றி இல்லை, அது நின்ற இடத்தில் புல்கூட வேறு நிறத்தில் முளைக்கவில்லை. அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறாயா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஏங்க என்ன இருக்கிறது? போனது போகட்டும், திரும்பி வரவே வேண்டாம். பாவம் நீங்கள் என்று சொல்கிறவர்கள் மீது அதைவிடக் கோபம் வரும். கஷ்டப்பட்டோம், பாவப்பட்டுக் கிடக்கவில்லை.

அம்மா இன்னும் அதே வளவில்தான் இருக்கிறார். போன மாதம் கண் வைத்தியரிடம் கூட்டிப்போய்த் திரும்பும்போது, சென்றி இருந்த இடத்துக்கு வந்ததும், ஓட்டோக்காரப் பொடியன் வண்டியை ஓரமாக நிறுத்தி, வாவி வடிவாகத் தெரியும், இறங்கிப் பாருங்கள் என்றான். பிறந்ததே சண்டைக்குப் பிறகு; அந்த இடத்தில் நாங்கள் எத்தனை வருடம் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்து, உருட்டிக்கொண்டு நடந்தோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"நீ ஓட்டு மனே," என்றார் அவனிடம். "இந்த இடத்தில நான் இனி இறங்கமாட்டன்."