பாண்டுரங்கன் தானே போட்ட ஓட்டு

செஞ்சி பேருந்து நிலையத்தில் பேனாவும் சீப்பும் விற்கும் பாண்டுரங்கனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வல்லம் பஸ் எது, அனந்தபுரம் பஸ் எது என்று என்ஜின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். முப்பத்தெட்டு வயதுக்குள் நான்கு முறை வாக்குச்சாவடிக்குப் போயிருக்கிறார். நான்கு முறையும் அவருக்காகப் பொத்தானை அழுத்தியது அண்ணன் வீரமணி.

போன தேர்தலன்று டீக்கடையில் அண்ணன் யாரிடமோ சிரித்தபடி சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"எங்க வூட்ல எனக்கு ரெண்டு ஓட்டு!"

அப்படியானால், அண்ணன் காதில் இவர் சொன்ன சின்னங்களெல்லாம் என்ன ஆயின? கேட்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

இந்தத் தேர்தலில் வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டார். "நானே போட்டுக்கறேன்ணே."

"இன்னாடா வெளயாடற? மாத்தி அமுக்கிட்டின்னா?"

"மாத்தி அமுக்கனாலும் நான் அமுக்கனதா இருக்கட்டும்."

உள்ளே அதிகாரியாக இருந்தவர் வசந்தா என்ற ஆசிரியை. விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் தாள் இருக்கிறதா என்று பாண்டுரங்கன் கேட்டதும், பெட்டியைத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எத்தினியோ எலெக்ஷன் டியூட்டி பாத்துட்டேன். இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்!" அவர் குரலிலும் பரபரப்பு.

பார்வையற்றோர் பள்ளியில் எட்டாவது வரை படித்த விரல்கள் தாளில் ஓடின. வேட்பாளர்களின் பெயர்கள், வரிசை எண்கள். தனக்கு வேண்டிய எண்ணை மனத்தில் பிடித்துக்கொண்டார்.

"டைம் ஆவுது மேடம்," என்றார் பின்னால் ஒருவர்.

"ஆவட்டும், இருங்க," என்றார் வசந்தா.

மறைப்புக்குள் பாண்டுரங்கன் தனியாக நின்றார். பொத்தான்களை ஒட்டியிருந்த பிரெயில் எண்களை மேலிருந்து தடவி வந்தார். அவசரத்தில் எண் தவறியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். விரல் நின்றது. அழுத்தினார். நீளமாக ஒரு 'பீப்'.

"வுழுந்துச்சா மேடம்?" அங்கிருந்தே கத்தினார்.

"வுழுந்துச்சு, வாங்க!"

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். வெளியே வந்தவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தார்.

"மெதுவாடா. யாருக்குப் போட்ட?"

"சொல்லமாட்டேன்."

"என்னாண்ட கூடவா?"

"யாராண்டயும் சொல்லமாட்டேன்ணே!"

வீரமணி தன் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். பிறகு, "சரி, வண்டில ஏறு," என்றார்.

கடைவீதியைத் தாண்டும் வரை, பழகிய குரல் கேட்ட பக்கமெல்லாம் திரும்பி, "நானே போட்டேன்! நானே போட்டேன்!" என்று கூவிக்கொண்டே போனார் பாண்டுரங்கன்.