மீனை வெறுத்த மாதங்களில் ஒரு பூனைக்குட்டி

சென்ற வாரம் காலையில் நாவற்குடாவிலிருந்து தவமணியின் தங்கை அழைத்தார். "அக்கா போயிட்டா. நித்திரையிலயே போயிட்டா" என்றார்.

கால்நடை வைத்தியர் தவமணியை அறிந்தவர்கள் நம் மாவட்டமெங்கும் இருக்கிறீர்கள். உன்னிச்சையில் எருமை வளர்ப்பவர்களுக்கு அவரைப்பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரே அலுவலகத்தில் அவரோடு வேலைசெய்தவள் என்ற முறையில், உங்களில் பலர் காணாத ஒன்றை எழுதுகிறேன்.

சுனாமி அவருடைய ஒரே மகளைக் கொண்டுபோனது. வீடும் போனது. அவரும் கணவரும் பள்ளிக்கூடமொன்றில் அமைந்த முகாமில் தங்கினார்கள். நான் போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடி இருப்பார். தேநீரைத் தவிர எதுவும் அவருக்கு இறங்கவில்லை. கேட்டால் "பசிக்கல்ல" என்பதோடு சரி.

முகாமில் பிள்ளைகள் தாயில்லாத பூனைக்குட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். பால்மாவைக் கரைத்து ஊற்றினார்கள். நிவாரணச் சோற்றைக் குழைத்து வைத்தார்கள். குட்டிக்கு வயிறு ஊதி, கால்கள் ஈர்க்குபோல் மெலிந்து, ஓயாமல் கழிந்தது. ஒருநாள் அது அவருடைய பாயோரம் வந்து விழுந்தது. தூக்கி, வாயைத் திறந்து பார்த்தார்.

"ஆரு இதுக்குப் பால் குடுக்கிற? நிப்பாட்டுங்க. பல்லு வந்திட்டு. சோறு வயித்த நிரப்பும், உடம்ப வளர்க்காது. பக்கத்துல தண்ணி வைங்க."

அத்தனை சொற்களை அவரிடமிருந்து அந்த முகாம் அன்றுதான் கேட்டது.

அவித்த முட்டையை நசுக்கிக் கொடுத்தார். நான் கோழி ஈரல் கொண்டுபோனபோது, "ஈரல் கொஞ்சம் போதும் புள்ள, கூடினாக் கெடுதி. சதை இருந்தாக் கொண்டு வா" என்றார். கோழி கிடைப்பது அரிதாக இருந்தது. மீன் கிடைத்தது, ஆனால் யாரும் வாங்கவில்லை. கடல் கொண்டவர்களை அது தின்றிருக்கும் என்ற எண்ணம் ஊர் முழுக்க. வாவி மீனையும் தொடமாட்டார்கள். செல்லையா என்ற மீனவர் முகாம் வாசலில் மணலை என்னும் வாவி மீனோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்.

ஒரு பகல் தவமணி எழுந்துபோய் அந்த மீனை வாங்கிவந்தார். உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்தார். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"என்னகா டொக்டர், எப்பிடி மனசு வந்த?"

"மனசு வரல்ல. இது வளர்ற குட்டி. சதை இல்லாட்டிச் செத்திரும்."

குட்டி முகர்ந்துவிட்டுத் தின்றது. அவர் தன் விரலில் ஒட்டியிருந்த துண்டைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அதை வாயில் வைத்தார். மென்றபடியே அழுதார். மகள் போனபின் அவர் அழுது நான் கண்டது அப்போதுதான். அடுத்தநாள் அந்தப் பெண்ணும் செல்லையாவிடம் மீன் வாங்கினாள். குட்டி பிழைத்து, பல வருடம் அவர்களோடு வாழ்ந்தது.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் வெல்லாவெளிப் பக்கமிருந்து சனங்கள் இடம்பெயர்ந்து வந்து முகாம்களில் தங்கினார்கள். ஒரு தாய் உரப்பையில் பூனைக்குட்டியைச் சுமந்து வந்திருந்தாள். "மனுசருக்கே இல்ல, பூனைக்கா?" என்று ஒருவர் அதட்டினார். அங்கு போயிருந்த தவமணி அந்தத் தாயிடம்தான் பேசினார்.

"உங்கட மீன்ல ஒரு துண்டு எடுத்துவைங்க. ஒரு நாளைக்கு நாலு தரம், கொஞ்சம் கொஞ்சமா. மீனோட நிக்காம, முட்டையோ கோழியோ கிடைச்சா மாத்திக் குடுங்க. ஆரிட வயிறும் இதால காயாது."

நோயான மாட்டைப் பார்க்கப் போகும் இடத்தில், மாட்டைத் தொடுமுன் வீட்டுக்காரரிடம் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். சுனாமிக்கு முன் அவர் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் ஓய்வுபெற்றபின் அவர் பார்த்துவந்த மாட்டுப்பட்டிகளுக்கு நான் போனேன். நானும் அதையே கேட்டேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். செத்த வீட்டில் அவருடைய கணவருக்கு அருகில் போய் உட்கார்ந்தேன். "சாப்பிட்டீங்களா அண்ணன்?" என்றுதான் கேட்டேன்.