மெக்கானிக் கொடுத்துவைத்த செடி

நர்சரி வட்டாரத்தில் அவளுக்குச் சாயக்காரி என்று பெயர். துணிக்குச் சாயம் போடுகிறவள் இல்லை. புரோமிலியாட் என்று அன்னாசிக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு செடி வகை உண்டு. அவற்றை ஒன்றோடொன்று கலந்து, இலையிலேயே ஊதாவும் சிவப்பும் தெறிக்கிற புதுக் கலப்பினங்களை உண்டாக்குகிறவள். மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொன்றில் வைத்துவிட்டு, விதை முளைத்து நிறம் காட்ட மூன்று வருடம் காத்திருப்பாள். வீட்டில் பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கமாட்டாள்.

"செடிகிட்டதான் உன் பொறுமையெல்லாம். நானும் ஒரு தொட்டில போய் உக்காந்துக்கறேன்," என்பார் கணவர்.

காட்டில் இருந்தபடியே இருக்கும் அசல் இனங்களை அவள் மதித்ததில்லை. "கழுவி ஊத்தின கலர்," என்பாள்.

அப்படி ஒரு செடியை ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தார் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். மூடப்போன ஒரு கல்லூரித் தோட்டத்தின் குப்பையிலிருந்து அவர் எடுத்து வளர்த்தது. குழாய்போல ஒடுங்கிய செடி. சாம்பல் பூத்த பச்சை இலை, குறுக்கே வெள்ளிப் பட்டைகள். மண்ணில் செருகியிருந்த அலுமினியத் தகட்டில் அது என்ன இனம், எந்த மலையில், எத்தனை அடி உயரத்தில், எந்த வருடம் எடுத்தது என்று பொறித்திருந்தது.

"முட்டி ஆபரேஷன்மா. எட்டு மாசம் பொண்ணு வீட்டுலதான் இருக்கணும். இதை உங்ககிட்ட விட்டா எனக்கு நிம்மதி."

"விட்டுட்டுப் போங்கண்ணா. நான் பாத்துக்க மாட்டேனா?"

இரண்டாம் மாதம் அது மொட்டு விட்டது. சாயக்காரிக்குக் கை குறுகுறுத்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தன் சிவப்புக் கலப்பினத்தின் மகரந்தத்தை அந்தப் பூவில் வைத்தாள். பூ எப்படி இருந்தது என்று பின்னாளில் யோசித்தபோது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. காய் பழுத்ததும் விதையை எடுத்துக்கொண்டாள். இந்தச் செடிகள் ஒரே ஒருமுறைதான் பூக்கும். பிறகு அடியில் கன்று விட்டுவிட்டுத் தாய் மெல்லக் காயும். இதுவும் இரண்டு கன்று விட்டிருந்தது. நாற்றுத் தட்டுகளுக்கு மேசையில் இடம் போதாத ஒரு காலையில், தகட்டை மட்டும் பிடுங்கி டிராயரில் எறிந்துவிட்டு, தாயையும் கன்றுகளையும் சேர்த்து வாரி, சருகு அரைக்கிற இயந்திரத்தில் போட்டுவிட்டாள். அது அவருடையது என்று தெரிந்தேதான் போட்டாள். அந்த நேரத்தில் இடம்தான் பெரிதாகத் தெரிந்தது.

மறுவாரமே கைத்தடியோடு அவர் வந்து நின்றார்.

"என் ஆளு எப்படிம்மா இருக்கான்?"

"ஒரு நிமிஷம்ணா," என்று உள்ளே போனாள். நிழல் மூலையில் ஒரு கலப்பினக் கன்று இருந்தது. வெயில் படும்வரை அதுவும் பச்சையாகத்தான் இருக்கும். மேசை டிராயரில் கிடந்த அந்த அலுமினியத் தகட்டை எடுத்து அதன் தொட்டியில் செருகினாள். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் கூசினாள்.

"தாய் பூத்து முடிஞ்சிடுச்சு. இது அதோட கன்னு."

அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் வருடம், அந்த விதையில் முளைத்த ஒரு செடிக்கு மலர்க் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் படம் வந்தது. அதைச் சட்டம் போட்டு நர்சரி வாசலில் மாட்டினார்கள். அதற்குக் கீழேதான் அன்று மெக்கானிக் வந்து நின்றார். மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்த தொட்டி கையில் இருந்தது. செடி முழுக்க ஊதா; அதன்மேல் மஞ்சள் புள்ளிகள்.

"பரிசு வாங்கியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும். நான் இதைத் தப்பா வளத்துட்டேன் போல. உரம் கூடிடுச்சோ, வெயில்ல வெச்சது தப்போ... தகட்டுல இருக்கிறது ஒண்ணு, செடி ஒண்ணா ஆயிடுச்சு. நீங்க நல்லாத்தான் குடுத்தீங்க."

திட்டியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். மன்னிப்பு கேட்டதும் தப்பிக்க வழியில்லாமல் போனது. முகம் காதுவரை எரிந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணலைண்ணா. இது உங்க செடியே இல்ல. உங்களுதை நான் தூக்கிப் போட்டுட்டேன். கேக்காம விதை எடுத்தேன். இந்தப் படத்துல இருக்கே, அது அதோட விதைதான்."

அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"எப்போ தூக்கிப் போட்டீங்க?"

"நீங்க ஆபரேஷன் முடிஞ்சு வந்தீங்களே, அதுக்கு முந்தின வாரம்."

"அப்போ அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார். தகட்டைப் பிடுங்கித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஊதாச் செடியை வைத்துவிட்டுப் போகவும் இல்லை. "இது என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று அதையும் தூக்கிக்கொண்டே போனார்.

அன்று அவள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எப்போதும் கேலி பேசுகிறவர், அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவர் முகத்துல எப்படி முழிக்கப் போற?" என்று மட்டும் கேட்டார்.

ஊர் ஊராக எழுதிக் கேட்டு, ஏழு மாதம் கழித்து அதே இனத்தில் ஒரு கன்றை வரவழைத்தாள். அவர் வீட்டுக்கே கொண்டுபோனாள். அவர் இலையை விரலால் நீவிப் பார்த்தார்.

"இனம் ஒண்ணுதான்மா. ஆனா அந்த மலையிலேர்ந்து வந்தது இது இல்லையே. நீங்களே வளருங்க. பூத்தா சொல்லுங்க, வந்து பாக்கறேன்."

அடுத்த வருடம் அது பூத்தது. இந்தமுறை அவள் தூரிகையோடு போகவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளிப் பட்டைக்கு நடுவிலிருந்து வளைந்து தொங்கிய தண்டில் காகிதம்போல வெளிர்சிவப்பு மடல்கள். அதற்குக் கீழே பச்சைப் பூக்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீலம், மை தொட்டு இழுத்தாற்போல. அவளுடைய கலப்பினங்கள் வாசலிலேயே கையைப் பிடித்து இழுக்கும். இது கிட்டே வந்தவருக்கு மட்டும் காட்டியது. இதே பூவைத்தான் ஒருமுறை முகத்துக்கு நேரே வைத்திருந்தும் பார்க்காமல் விட்டிருந்தாள்.

மெக்கானிக் வந்து அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "நல்லா வளத்திருக்கீங்க," என்று சொல்லிப் போனார்.

வாசலில் மாட்டிய படத்தை அவள் கழற்றிவிட்டாள். ஆனால் வேறொன்றை நிறுத்த முடியவில்லை. மாதத்துக்கு ஒருவராவது புதிதாக வந்து, "மெக்கானிக் ஐயா அனுப்பினார். செடியை நம்பி விடணும்னா உங்ககிட்ட விடச் சொன்னார்," என்பார்கள். அவள் தலையைக் குனிந்தபடியே தொட்டியை வாங்கிக்கொள்வாள்.