லீவு நாளில் முதல் ஆளாகப் பள்ளிக்குப் போனோம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் நடந்தது. நாங்கள் காரைக்காலை ஒட்டிய நெரவியில் இருந்தோம். மகள் காரைக்காலில் யுகேஜி படித்தாள். கணவருக்குச் சென்னையில் வேலை. வீட்டில் நான், மகள், மாமியார் மட்டும்தான்.

விடிந்தும் மழை விடவில்லை. கைபேசியை எடுத்தேன். எங்கள் ஊர்ச் செய்திகளை மட்டும் எழுதும் வலைப்பதிவு ஒன்று உண்டு. எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, எந்த வாய்க்கால் உடைந்தது, யார் வீட்டு மாட்டைக் காணோம் என்பதெல்லாம் அதில் வரும். அன்று, 'கனமழை: காரைக்கால் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று போட்டிருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. மகளுக்கு அன்று ரைம்ஸ் டெஸ்ட். மாட்டைத் தேடுகிறவர் பேச்சை நம்பி அதை விடுவதா? டிவியைப் போட்டேன். நாகைக்கு விடுமுறை, மயிலாடுதுறைக்கு விடுமுறை, திருவாரூருக்கும் விடுமுறை. எங்கள் ஊர்ப் பெயரே இல்லை. சுற்றிலும் லீவு விட்டு நம்மை மட்டும் விட்டார்கள் என்றால் பள்ளி உண்டு என்றுதானே அர்த்தம்? அவர்கள் சொன்னது தமிழ்நாட்டு மாவட்டங்களை, நாம் இருப்பது புதுச்சேரி மாநிலம் என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"இந்த மழையில கொக்குகூட வெளிய வராது. லீவுன்னு போட்டுருக்குல்ல?" என்றார் மாமியார்.

"டிவியில சொல்லலியே அத்தை."

ரெயின்கோட் மாட்டி, மகளை ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளி கேட் பூட்டியிருந்தது. ஒரு ஆளைக் காணோம். மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா, நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

சாலையில் தேங்கிய தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், போனைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தபடி வந்தார். "பாப்பாவ ஒரு படம் எடுத்துக்கவாங்க?"

பள்ளியைச் சேர்ந்தவர் என்று நினைத்துவிட்டேன். மகளின் தொப்பியைச் சரிசெய்து, பக்கத்தில் நானும் சிரித்தபடி நின்றேன்.

எடுத்து முடித்த பிறகுதான் சொன்னார். "இன்னிக்கி லீவுங்க. காலையிலேயே நம்ம ஊர் நியூஸ் பிளாக்ல போட்டிருந்தனே, பாக்கலியா?"

"பாத்தேன்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"பாத்துட்டா வந்தீங்க?"

அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. பாரிஸிலிருந்து கணவரின் அக்கா. அங்கே இன்னும் விடியவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் ஊர்ச் செய்தியைப் பார்க்காமல் அவருக்குக் காபி இறங்காது.

"என்னம்மா, லீவு நாள்ல புள்ளைய எங்க கூட்டிக்கிட்டு போன? இங்க எல்லாரும் ஒன்னயத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்!"

எதையும் நாலு முறை சரிபார்க்கிற மருமகள் என்று எடுத்திருந்த பெயர் ஒரே படத்தில் போய்விட்டது. போதாததற்கு மாமியார், "பாரிஸ் வரைக்கும் போயிட்ட, பள்ளிக்கொடத்துக்குள்ள போவ முடியல" என்றார்.

படத்தை நீக்கச் சொல்லிக் கேட்பது என்று பதிவைத் திறந்தேன். பூட்டிய கேட்டின் முன் நனைந்தபடி பல்லைக் காட்டிக்கொண்டு நான். கீழே, 'விடுமுறைத் தகவல் கிடைக்காமல் பள்ளிக்கு வந்த தாயும் மகளும்' என்று எழுதியிருந்தார்.

தகவல் கிடைக்காமல்! அவர் எழுதியதைப் படித்தும் நம்பவில்லை என்று அவரிடமே சொன்னவள் நான். அதை அவர் ஊருக்குச் சொல்லாமல், தன் செய்தி எனக்கு எட்டவில்லை என்று குறையைத் தன் பக்கம் போட்டுக்கொண்டார்.

அதற்கும் கீழே ஒரு தாய் எழுதியிருந்தார்: 'டிவியில் வரவில்லையே என்று நாங்களும் கிளம்பிவிட்டோம். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதி வழியில் திரும்பினோம்.' அவரைப் போல இன்னும் சிலர். எழுத்தை நம்பாதவர்கள் என் முகத்தை நம்பியிருந்தார்கள்.

படத்தை நீக்கச் சொல்லவில்லை. நன்றி என்று மட்டும் அனுப்பினேன். 'அடுத்த மழைக்காச்சும் நம்புங்க' என்று பதில் வந்தது.

மழை பெய்தால் இப்போது அந்தப் பதிவைத்தான் முதலில் பார்க்கிறேன். பழக்கதோஷத்தில் கை ரிமோட்டுக்குப் போகும்போதெல்லாம், எங்கள் ஊர்ப் பெயரையே சொல்லாத டிவியை நம்பிய எனக்காக, மழையில் நின்று செய்தி சேர்க்கிற ஒரு மனிதர் தன் எழுத்தை விட்டுக்கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றியது நினைவுக்கு வந்து கை தானாகத் திரும்பிவிடுகிறது.