டிக்கியில எரிஞ்ச பச்ச லைட்டு

இத எழுதாமலே வுட்ருப்பேன். எனக்கும் எழுத்துக்கும் பத்தாவதோட சண்ட, இன்னும் சமாதானம் ஆவல. ஆனா போன ஞாயித்துக்கெழம வேளச்சேரில ஃப்ரெண்டு வூட்டு வாசல்ல என் வண்டி ஸ்டார்ட் ஆவாம நின்னுட்ச்சி. டிக்கியில நானே மாட்டுன ஊஃபர் ஸ்பீக்கர எட்டிப் பாத்துட்டு அவன், "இம்மாம் வயரா! யார்ரா உனக்கு சொல்லிக் குடுத்தது?"ன்னான். வாயால சொன்னா நடுவுல பூந்து நக்கல் பண்ணுவான். அதான் போன்ல டைப் பண்றேன். மொதல்ல அவனுக்குத் தான் அனுப்பப் போறேன்.

சொல்லிக் குடுத்தது எங்க சித்தப்பா. அப்போ எனக்கு ஏழு வயசு இருக்கும். ராயப்பேட்டையில எல்லாரும் ஒரே வூட்ல இருந்தோம். சித்தப்பா கிட்ட ஒரு பழைய வெள்ள காரு. பேட்டரி செம்ம கெழடு. காலையில செல்ஃப் அடிச்சா தாத்தா இருமற மாதிரியே கேக்கும். அந்த காருக்குத் தான் புதுப்பேட்டையிலேர்ந்து ஒரு ஊஃபரும், அதுக்கு சத்தம் ஏத்தற ஆம்பும் வாங்கியாந்து எறக்குனாரு. அதுவும் எப்போ? அவருக்குப் பொண்ணு பாக்கப் போற அன்னிக்கு, காலையில!

தாத்தா வாசல்ல நின்னுக்கினு திட்டுனாரு. "பொண்ணு பாக்கப் போறியா, ஊர்வலம் போறியாடா?"

"நைனா, நம்ம வர்றது அவங்களுக்குத் தெரிய வாணாமா?"

"தெரியும்டா. தெருவே கதவ சாத்திக்கும்."

சித்தப்பா கஷ்டம் சித்தப்பாவுக்கு. அதுக்கு முன்னாடி பாத்த எல்லா எடத்துலயும் ஒரே கத தான். தாத்தா பஜ்ஜிய சாப்ட்டுட்டு, வாட்ச்ச பாத்துட்டு, "வூட்டுக்குப் போய் சொல்லி அனுப்பறோம்"னு எழுந்துப்பாரு. வூட்டுக்கு வந்து அவரே வாணாம்னுடுவாரு. பொண்ணு கிட்ட சித்தப்பா ஒரு வார்த்த பேசுனது கெடையாது. இந்தப் பொண்ணு ஃபோட்டோ மட்டும் அவரு தலகாணி ஒறைக்குள்ள இருந்துச்சி. எப்டி தெரியும்னு கேக்காதீங்க. அந்தத் தலகாணிய சண்டைக்கு யூஸ் பண்றது நான் தான்.

வயரிங்குக்கு டார்ச் புடிக்கறதும் நான் தான். பேட்டரிலேர்ந்து கட்ட வெரல் தடிக்கு செவப்பு வயரு, நடுவுல ஒரு ஃப்யூஸு, சீட்டுக்கு அடியில பூந்து டிக்கிக்குப் போவும். அது ஆம்புக்கு சோறு. கருப்பு வயர, பெயிண்ட்ட சொரண்டிட்டு பாடியிலயே முடுக்கிடணும். ஸ்டீரியோ பின்னாடிலேர்ந்து வர்ற வயர்ல பாட்டு வரும். கடசியா நூலு மாதிரி ஒரு நீல வயரு.

"இது எதுக்கு சித்தப்பா? இத்துனூண்டு கீது?"

"இது தான்டா உங்க தாத்தா. ஸ்டீரியோவ ஆன் பண்ணா இது போய் சொல்லும், ஆம்பு எந்திரிக்கும். ஆஃப் பண்ணா படுத்துக்கும். இவரு சொல்லாம ஒண்ணும் நடக்காது."

"தாத்தா சொல்லாமலே எந்திரிச்சிட்டா?"

சித்தப்பா ஸ்குரூடிரைவர வாயில கடிச்சிக்கினு அந்த நீல வயர தூக்கிப் பாத்தாரு. "அப்றம் படுக்கவே படுக்காது. பேட்டரிய உறிஞ்சி குடிச்சிடும்."

ஸ்டீரியோவ ஆன் பண்ணாரு பாரு. டொம்ம்ம்! என் வயித்துக்குள்ள எவனோ எகிறி குதிச்சான். கண்ணாடி நடுங்குது, நம்பர் பிளேட்டு கடகடன்னு ஆடுது, பானட்டுல தூங்கினு இருந்த பூன எங்க போச்சின்னே தெர்ல. நான் கத்திக்கினே தெருமுன வரைக்கும் ஓடி, திரும்பி ஓடியாந்தேன். அங்கயும் கேக்குது! அதவிட சந்தோஷம் எனக்கு அப்றம் வரல.

மத்தியானம் கெளம்புனோம். அப்பாவுக்கு டூட்டி. தாத்தா முன்னாடி காத பொத்திக்கினு, பின்னாடி அம்மாவும் நானும். பொண்ணு வூடு மயிலாப்பூர்ல, கொளத்துக்குப் பின்னாடி ஒரு சந்து. அவங்கப்பா திருநெல்வேலிக்காரரு, தி.நகர்ல பாத்திரக் கட வச்சிருந்தாரு.

எறங்குனதும் பழத்தட்ட எடுக்கறேன்னு சித்தப்பா டிக்கியத் தொறந்தாரு. நானும் பக்கத்துலயே. ஆம்புலேர்ந்து நீல வயர புடுங்கிட்டு, அந்த எடத்துலேர்ந்து செவப்பு வயருக்கு ஒரு துண்டு வயர சொருவுனாரு. "லூசா கீதுடா"ன்னாரு. ஸ்டீரியோ ஆஃப்ல இருந்துச்சி, ஆனா ஆம்புல பச்ச லைட்டு எரிஞ்சினே இருந்துச்சி.

மேல மாடி வூட்ல கேசரி, பஜ்ஜி. பொண்ணு வந்து காபி குடுத்துட்டு உள்ள போய்ட்டாங்க. பெரியவங்க பேசுனாங்க பேசுனாங்க, அப்டி பேசுனாங்க. அப்றம் தாத்தா வாட்ச்ச பாத்தாரு. "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கெளம்பிடறோம். வூட்டுக்குப் போய் சொல்லி அனுப்பறோம்."

அதே டயலாக்கு. ஆனா சித்தப்பா மூஞ்ச தொங்கப் போடல, மொத ஆளா எழுந்துட்டாரு.

சாவியத் திருப்புனா, டிக். டிக். அவ்ளோ தான். தாத்தா, பொண்ணோட அப்பா, நானு, மூணு பேரும் சந்து முன வரைக்கும் தள்ளுனோம். இருமல் கூட வரல.

"ஆட்டோவ புடிடா!"ன்னாரு தாத்தா.

"இதோ நைனா, கடசியா ஒரு தடவ." அந்தக் கடசி தடவ முடியவே இல்ல.

பொண்ணோட அப்பா வாட்ச்ச பாத்தாரு. "நாலரை ஆயிட்டுல்லா? இனி எப்படிக் கெளம்புவீய? ஆறு மணி வரைக்கும் இருந்துட்டுப் போங்கங்கேன்."

ராகு காலத்துல வெளிய கெளம்பக் கூடாதுன்றது தாத்தா போட்ட சட்டம். வண்டிய திருப்பி வாசலுக்கே தள்ளியாந்து வுட்டுட்டு, அவங்கல்லாம் மேல போனாங்க. "நான் வண்டிய பாக்கறேன்"னு சித்தப்பா நின்னுட்டாரு. நானும் நின்னேன்.

கொஞ்ச நேரத்துல பொண்ணு பஜ்ஜித் தட்டோட எறங்கி வந்தாங்க. தொறந்து கெடந்த டிக்கிய பாத்தாங்க. "வண்டி ஆஃப்ல தான இருக்கு? இதுல மட்டும் ஏன் லைட்டு எரியுது?"

சித்தப்பா மூஞ்சி வெளுத்துப் போச்சி. எனக்கு மண்டையில பளிச்சுன்னு அடிச்சிச்சி! சித்தப்பா வயர தப்பா குடுத்துட்டாரு! அத கண்டுபுடிச்சது நானு! மேல பாத்து "தாத்..."ன்னு கத்த ஆரம்பிச்சேன். ஒரு முழு வாழக்கா பஜ்ஜி என் வாயில வந்து ஒக்காந்துச்சி. முழுங்கறதுக்குள்ள இன்னொண்ணு. அவங்க இன்னொரு கையால டிக்கிய சத்தமே இல்லாம சாத்துனாங்க.

"கொஞ்சம் லூசு"ன்னு இழுத்தாரு சித்தப்பா.

"எது, வயரா? ஆளா?"ன்னு கேட்டு சிரிச்சாங்க.

ஆறு மணி வரைக்கும் ரெண்டு பேரும் வண்டியில சாஞ்சிக்கினு பேசுனாங்க. நான் உள்ள ஒக்காந்து தட்ட காலி பண்ணேன். அப்றம் பக்கத்து வூட்டு கார்லேர்ந்து வயர் குடுத்து ஸ்டார்ட் பண்ணாங்க. திரும்பி வரும்போது தாத்தாவே சொன்னாரு, "இவ்ளோ நேரம் ஒக்காந்தோம், அந்தப் பொண்ணு ஒரு தடவ மூஞ்சி சுளிக்கலடா. முடிச்சிடலாம்."

இப்போ அவங்க எங்க சித்தி.

சித்தப்பா பண்ண தப்பு நமக்குத் தெரியும், போனா போவுதுன்னு காட்டிக் குடுக்கலன்னு வழியெல்லாம் எனக்கு ஒரே கெத்து. நாங்க தள்ளும்போது வண்டி ஸ்டார்ட் ஆயிடுமேன்னு அவரு கிளட்ச்சுலேர்ந்து கால எடுக்கவே இல்லன்றதோ, சித்தி பஜ்ஜி குடுத்தது பாசத்துல இல்லன்றதோ அந்த வயசுல எனக்கு எங்க வெளங்கும்? பெரிய மனசுக்காரங்க, கேக்காமலே பஜ்ஜி குடுக்கறாங்கன்னு நெனச்சேன்.

இத அப்டியே ஃப்ரெண்டுக்கு அனுப்புனேன். அப்றம் பதில் வந்துச்சி:

"டேய், ஞாயித்துக்கெழம டிக்கியில ஏதோ லைட்டு எரியுதேன்னு நான் சொல்ல வந்தப்போ, என் தங்கச்சி எதுக்குடா என் வாயில பஜ்ஜிய திணிச்சா?"