கரும்புள்ளியின் அக்கம்பக்கம்

1. பிசிறு

பாட்டிலைத் திறந்தேன். துண்டு இருந்தது, நூலைக் காணோம்.

நான் பேத்தாலஜி டாக்டர். நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் பார்க்க மாட்டேன். அவர்கள் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டுதான் கெட்டுப்போகாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலில் மிதந்தபடி என்னிடம் வரும். ஓய்வு பெறும்வரை திண்டுக்கல்லில் ஒரு சின்ன லேபில் இந்த வேலையைத்தான் பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். பாட்டிலுக்குக் காது இல்லாததால் தொழிலில் தப்பித்தேன்.

எங்கள் ஊரில் ஆபரேஷன் முடிந்ததும் பாட்டிலை நோயாளியின் சொந்தக்காரர் கையில் கொடுத்து, "லேபில் கொடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். மஞ்சப்பையில் காய்கறியோடு காய்கறியாக வந்த பாட்டில்களை நான் வாங்கியிருக்கிறேன். அன்று வந்தது சின்னாளப்பட்டிக்காரர் ஒருவர் கொண்டு வந்த பாட்டில். அவர் பெயர் முத்தையா. உள்ளே இருந்தது அவர் மனைவி செல்வியின் வலது பாதத்துத் தோல். சுண்டுவிரலுக்குக் கீழே, பாதத்தின் வெளி ஓரத்தில் ஒரு கரும்புள்ளி பரவிக்கொண்டே போயிருக்கிறது. மெலனோமா என்று ஏற்கெனவே தெரியும். தோலில் வரும் புற்றுகளில் பொல்லாதது அது. அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து, வட்டமாக வெட்டி அனுப்பியிருந்தார் சர்ஜன்.

அப்படி வெட்டும்போது ஓரத்தில் கறுப்பு நூலால் இரண்டு தையல் போடுவார்கள். விரல் பக்கம் நீள நூல், புறங்கால் பக்கம் குட்டை நூல். வெட்டிய துண்டுக்கு முன்னும் பின்னும் தெரியாது. புற்று எந்த ஓரத்தை நெருங்கியிருக்கிறது என்று நாங்கள் சொல்வதற்கு அந்த நூல்தான் அடையாளம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முத்தையாவைக் கூப்பிட்டேன்.

"இதுல நூல் ரெண்டு இருந்திருக்கணுமே, எங்க?"

"அதுவாம்மா? மூடியில மாட்டிக்கிட்டு தண்ணி ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. தையல் விட்டுப்போன பிசிறுன்னு நெனச்சேன். சேலையில பிசிறு தொங்கினா வெட்டித்தான குடுப்போம்? அதேன் முடிச்சோட வெட்டி எடுத்துப்புட்டேன்."

புருஷன், பொண்டாட்டி இருவருமே தறி நெய்கிறவர்கள். நெய்து முடித்த சேலையில் ஒரு நூல் தொங்கினாலும் அவர்கள் கை சும்மா இருக்காது. வீட்டில் வைத்து, கத்தரியை வெந்நீரில் கழுவி, சுத்தமாக வெட்டியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"தப்பாப் போச்சாம்மா?"

"செத்த நேரம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு சர்ஜனுக்குப் போன் செய்தேன்.

அவர் சொன்னார்: "மேடம், ஓரமெல்லாம் க்ளியரா இருந்தா பிரச்சினை இல்ல. ஏதாவது ஒரு ஓரத்துல ஒட்டி இருந்தா நான் திரும்பப் போய் எடுக்கணும். குதிகால் பக்கம்னா இன்னும் கொஞ்சம் தோலை எடுத்துட்டு, தொடைத் தோலை ஒட்டிருவேன். விரல் பக்கம்னா சுண்டுவிரலும் அடுத்த விரலும் போயிரும். எந்தப் பக்கம்னே தெரியலைன்னா, எல்லாப் பக்கமும்தான் எடுக்கணும்."

அதாவது, ஏதாவது ஓரத்தில் புற்று ஒட்டி இருந்து, அது எந்தப் பக்கம் என்று நான் சொல்லாவிட்டால் செல்விக்கு இரண்டு விரல் நிச்சயம் போகும். பெஞ்சுக்குப் போய் முத்தையாவிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தறியில காலை ஊனி மிதிக்கிற வேலைம்மா அவளுக்கு. விரலு இல்லாட்டி எப்புடிம்மா மிதிப்பா? நானே வெட்டிப்புட்டேனே."

"இன்னும் யாரும் எதையும் வெட்டல. போய் அவங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் குடுங்க" என்றேன்.

2. நான்கு மை

நூல் இல்லை. சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். துண்டின் நான்கு ஓரங்களுக்கும் நான்கு நிற மை தடவினேன்: கறுப்பு, பச்சை, நீலம், மஞ்சள். எது எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனால் பின்னால் தெரிந்தால் பொருத்திக்கொள்ளலாம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று படமும் வரைந்து வைத்தேன். பிறகு மெல்லிசாக வெட்டி, மெழுகில் பதித்து, ஸ்லைடு ஆகி வர இரண்டு மூன்று நாள் ஆனது. அத்தனை நாளும் முத்தையா பெஞ்சுக்கு வந்துவிட்டார். "ரிசல்ட் வந்தா போன் பண்ணுவோம்" என்று சொன்னாலும் கேட்கவில்லை.

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மூன்று ஓரங்கள் சுத்தம். நீல ஓரத்தில் மட்டும் புற்று மைக்கு மிக அருகே வந்திருந்தது. நீலம் விரல் பக்கமா, குதிகால் பக்கமா, வேறு பக்கமா?

படிக்கும்போது எங்களுக்கெல்லாம் கண் நேரே புற்றுக்கட்டிக்குத்தான் போகும். செல் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவோம். பல வருடம் பார்த்த பிறகுதான் புரிந்தது, புற்றுச்செல் தனியாகப் பெரிதாக ஒன்றும் கிழித்துவிட முடியாது. பரவுவதற்கு அக்கம்பக்கம் இடம் கொடுக்க வேண்டும். சுற்றியுள்ள நார்த்திசு இளகி வழிவிட வேண்டும், புது ரத்தக்குழாய் முளைத்துத் தீனி போட வேண்டும். அதே அக்கம்பக்கத்தில் லிம்ஃபோசைட் என்கிற காவல் அணுக்கள் கூட்டமாக வந்து கட்டிக்குள் புகுந்துவிட்டால், அது பரவுவது பெரும்பாலும் மட்டுப்படும். ஆகவே கட்டியை விட்டுவிட்டு, சுற்றியிருந்த நல்ல தோலை ஓரம் ஓரமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

மஞ்சள் ஓரத்தில் தோலின் மேலடுக்கு தடித்துக் காய்த்துப் போயிருந்தது. நாள் முழுக்க ஊன்றுகிற உள்ளங்கால். அங்கே ஒரு ரோமக்கால்கூட இல்லை. உள்ளங்காலில் முடி முளைக்காது. எதிரே பச்சை ஓரத்துக்கு ஸ்லைடை நகர்த்தினேன். தோல் மெலிந்துகொண்டே போய், மையை ஒட்டிச் சின்னதாக ஒரு ரோமக்கால். அதற்கடுத்து இன்னொன்று.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். முடி இருந்தால் அது புறங்கால் பக்கம். புறங்கால் பக்கம் தெரிந்தால், வலது கால் என்பதால் விரல் பக்கமும் குதிகால் பக்கமும் தானாகத் தெரிந்துவிடும். வரைந்து வைத்த படத்தை எடுத்து, என் செருப்பைக் கழற்றி, என் வலது காலையே மேஜை மேல் தூக்கி வைத்துப் பொருத்திப் பார்த்தேன். நீலம் குதிகால் பக்கம். இன்னும் ஒரு தடவை பார்த்தேன். குதிகால் பக்கம்தான். லேபில் இருந்த பெண்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. கட்டியின் ஆழம் குறைவு. அதைச் சுற்றி மட்டுமல்ல, உள்ளேயும் லிம்ஃபோசைட் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. செல்வியின் உடம்பு சும்மா இருக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சர்ஜனுக்குச் சொன்னேன். "சந்தேகமில்லையே மேடம்?" என்றார். "வந்து பாருங்க" என்றேன். வந்தார், பார்த்தார், "விரலைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். முத்தையாவிடம் சொன்னபோது அவர் கும்பிட வந்தார். "கும்பிடு வேணாம், இனிமே பாட்டிலைத் திறக்காம இருந்தா போதும்" என்றேன். என் வாய் அப்படி.

3. ஒட்டுத் தோல்

குதிகால் பக்கம் மறுபடி எடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். அந்தத் துண்டையும் நான்தான் பார்த்தேன். சுத்தம். தொடை இடுக்கில் நெறி என்கிற நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்த்ததிலும் எதுவும் இல்லை. ஆனாலும் மெலனோமாவை நம்ப முடியாது, சில மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னோம்.

அப்படி வந்த ஒரு நாள் செல்வி என் லேபுக்கும் வந்தாள். அதுவரை அவள் பாதத்துத் தோலைத்தான் எனக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. உட்கார்ந்ததும் காலை நீட்டி ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டினாள்.

"தறியில உக்காந்துட்டீங்களா?"

"உக்காராம? ரெண்டு சேலை முடிச்சாச்சும்மா. ஆனா இந்த ஒட்டுத் தோலுல மட்டும் ஒண்ணுமே உறைக்கல. மிதிகட்டையில பட்டாலும் தெரிய மாட்டேங்குது."

"அப்புறம் எப்படி மிதிக்கிறீங்க?"

"சுத்தி இருக்குற தோலுக்குத் தெரியுதுல்லம்மா. அது பாத்துக்கிருது."

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்லிவந்த பாடமும் அதுதான். கட்டியைப் பார்த்து முடித்ததும் தலையை நிமிர்த்திவிடாதீர்கள், ஸ்லைடை இன்னும் கொஞ்சம் நகர்த்தி அக்கம்பக்கத்தையும் பாருங்கள். நான் முப்பது வருடம் சொன்னதைவிட அவள் நன்றாகச் சொல்லிவிட்டாள்.