ஹாஜியாருக்குக் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு சென்ட்ரலில் இறங்கினேன். கையில் துணிப்பை, அதற்குள் ஒரு பாட்டில். பாட்டிலில் எங்கள் தெருப் பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர்.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு மண்ணில் இறங்கி, கிணறு டீ நிறத்துக்கு வந்துவிட்டது. குடிப்பது இருக்கட்டும், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளூவுக்குக்கூட ஆகாது. ஷாப்புக்காரர்கள் சேர்ந்து ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சம்மதித்துவிட்டார்கள். பெரிய ஷாப்புக்காரரான ஹாஜியார் மட்டும் ஒரு வருஷமாக ‘பார்க்கலாம்’ என்கிறார். அவர் சேராமல் வேலை தொடங்காது. அவர் குடியிருப்பது மெட்ராஸில். பேசத் தெரிந்தவன் என்று தெருக்காரர்கள் என்னை அனுப்பிவிட்டார்கள்.

பத்தரைக்குத் தி. நகரில் அவர் ஆபீஸ். பஸ்ஸில் மிதிபட்டே வந்து சேர்ந்தேன். “இப்பதான் போனாரு, மயிலாப்பூர் ஆடிட்டர் வூட்டுக்கு” என்றார் வாசலில் இருந்தவர்.

ஆட்டோக்காரரிடம் மீட்டர் போடச் சொன்னேன். “அது ரிப்பேரு நைனா. முப்பது ரூபா குடு.” நாலு கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய்! பாதி வழியில் அவரே மூக்கைப் பொத்தினார்.

“பைல இன்னா கீது? கப்பு தாங்கல.”

“எங்க ஊர் கிணத்துத் தண்ணி.”

“கிணறா? எங்க கூவமே தேவல போலகீதே!”

சிரித்துவிட்டேன். சிரித்ததும் எரிச்சல்தான் வந்தது.

மயிலாப்பூரில் ஆடிட்டர் வீட்டு அம்மாள், “இப்பத்தான் கிளம்பினார். அடையார்ல தொழுகைன்னு சொல்லிண்டிருந்தார்” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெயில்ல வந்திருக்கேள். எங்காத்துக் கிணத்து ஜலம், ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போங்கோ” என்றார். குடித்தேன். லேசாக உப்பு. ஆனாலும் தண்ணீர்.

பன்னிரண்டரைக்கு அடையாறு பள்ளிவாசல். வாசலோரக் குழாயில் ஆற்றோரக் குடிசைப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். லாரித் தண்ணீர் காசுக்கு விற்கும் இந்தக் கோடையிலும் பள்ளிவாசல் தன் கிணற்றை அவர்களுக்குச் சும்மாவே திறந்துவிட்டிருக்கிறது. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்பது மார்க்கம். உள்ளே, ஹாஜியார் பக்கத்து ஆளின் குழாயைத் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

“ஓடுற ஆத்துல நின்னாலும் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு ரசூலுல்லா சொல்லியிருக்காங்க, தம்பி.”

ஓடுகிற ஆறாம்! எனக்கு உச்சந்தலை காய்ந்தது. மனிதர் கெட்டவரல்ல. ஏழைகளுக்கான ஜகாத்தை ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம். ஸலாம் சொல்லி, பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன்.

“நம்ம ஊர்ப் பள்ளிக் கிணத்துத் தண்ணி, ஹாஜியார். இதுல ஒளூ செய்யுங்க.”

திறந்து முகர்ந்தார். “நிறமும் வாடையும் மாறிப்போச்சே. இதுல கூடாது தம்பி.”

“நம்ம தெருவுக்கே இதுதான்.”

சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று வாசலுக்கு நடந்து, குழாயடி மண்ணில் பாட்டிலைச் சாய்க்கப் போனார். குடத்தோடு நின்ற ஒரு பெண் கத்தினாள்:

“யோவ் பாய்! இன்னாத்த ஊத்தறே? கீழ கிணறு கீது, நாங்க குடிக்கிறோம்!”

ஹாஜியார் ரோட்டோரச் சாக்கடையைப் பார்த்தார்.

“அங்கயும் வாணாம். அது எங்க வூட்டாண்டதான் போவுது. உன் வூட்டுக்கே எடுத்துக்கினு போ!”

குடங்கள் கொல்லென்று சிரித்தன. ஹாஜியார் பாட்டிலை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“பின்ன இத எங்கதான்யா ஊத்துறது?”

“அதத்தான் ஹாஜியார் நாங்க ஒரு வருஷமா கேக்குறோம்.”

தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் பாட்டிலை மூடித் தன் காரில் வைத்துவிட்டுத் தொழ வந்தார். தொழுகை முடிந்து கிளம்பும்போது, முகம் பார்க்காமல், “ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றேன். மத்தவங்களையும் இருக்கச் சொல்லு” என்றார். ‘பார்க்கலாம்’ வரவில்லை. ஞாயிறு வரட்டும், அப்புறம் நம்புகிறேன். கார் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

மாலை ரயிலில் காலிப் பையோடு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய மெட்ராஸில் அந்த ஒரு பாட்டிலை ஊற்ற அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் தினமும் கிடைக்கிறது.